சொந்த இணையத்தளமும் அதற்குரிய கருவிகளும்

நம் கலாசாலையினின்றும் பட்டம் பெற்று வெளியேறிய மாணாக்கருட் பலர் இக்காலத்துக் கணினி நிரல் எழுதுந் தொழிலைக் கைக்கொண்டிருக்கின்றனர். யாமும் அத்தொழிலிற் பல்லாண்டுகள் கழித்தவராதலின், இம்மலரின் தமிழ்ப் பகுதிக்கு அதைப்பற்றி ஏதேனும் எழுதித் தருமாறு பத்திராதிபர் கேட்டபொழுது மறுத்தற்கு இயலவில்லை. இளைஞர் எம்மைக் காணும்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்வி: "ஐயா, எந்தக் கருவியைக் கற்கலாம்? எதைக்கொண்டு இணையத்தளம் அமைக்கலாம்?" இதற்கு ஒரு பெயரை விடையாகச் சொல்லிவிடுதல் எளிது. ஆயின் இவ்வாண்டு சொல்லும் பெயர் இன்னும் ஐந்தாண்டிற் பழையதாய்விடக் கூடும். ஆதலின் கருவிகளின் பெயரைக்காட்டிலும், எழுதிய பொருள் அக்கருவி மறைந்த பின்னும் பிழைத்திருக்குமாறு எழுதுவது யாங்ஙனம் என்பதையே ஈண்டுக் கூறப் புகுந்தோம். இதனை எமக்குக் கற்பித்தது ஒரு துன்பம். அதனை முதற்கண் சொல்லிவிடுகின்றோம்.

எமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் விடுமுறைதோறும் கடற்கரையூர்களுக்குச் சென்று, அங்குள்ள மீனவர் வழங்குஞ் சொற்களைத் தொகுத்து வந்தார். காற்றின் பெயர்கள், நீரோட்டத்தின் பெயர்கள், வலையின் உறுப்புகள், மீன்வகைகள் என இருபதாண்டுகளாகச் சேர்த்தவற்றை 2001ஆம் ஆண்டில் தாமே ஒரு கணினியில் தட்டெழுதி முடித்தார். அதன் பிரதியொன்றை யாம், அக்காலத்து இலவசமாய் இடந்தந்த ஒரு நிறுவனத்தாரின் தளத்தில் ஏற்றிவைத்தோம். சில ஆண்டுகளில் அந்நிறுவனத்தார் கடையைக் கட்டினர். அவர்கள் விடுத்த எச்சரிக்கை, யாம் திறவாது விட்டிருந்த ஓர் அஞ்சற்பெட்டிக்குச் சென்று கிடந்தது. ஆசிரியர் காலமான பின்னர் அவருடைய மகளார் ஒரு குறுந்தகட்டைக் கொணர்ந்து, "அப்பா எழுதியதெல்லாம் இதில் இருக்கிறது என்கிறார்கள், திறந்தால் ஒன்றும் புரியவில்லை, அண்ணா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். திறந்து பார்த்தோம். கோப்பு பழுதுறவில்லை, ஓரெழுத்தும் குறையவில்லை. ஆயினும் திரையில் தோன்றியது ஆங்கில எழுத்தும் மேற்குறியும் விரவிய ஒரு குப்பை. தமிழென்று சொல்ல ஒரு சொல்லும் இல்லை.

இதன் காரணத்தை அறிதல் நிரலர்க்கு மட்டுமன்று, கணினியில் தமிழெழுதும் யாவர்க்கும் வேண்டுவதாம். கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒரு பைட்டுக்குள் அடங்குவன 256 எண்களே. அவற்றின் முற்பாதியை ஆங்கில எழுத்தும் இலக்கமும் கொண்டன. யூனிகோடு பரவுவதற்கு முன், எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் அவ்வெண்களின் மேலும் எஞ்சிய இடங்களிலும் தத்தமக்குத் தோன்றியவாறு தமிழ் வடிவங்களைப் பொருத்தினர். கோப்பினுள் இருந்தது எண். அதனைத் தமிழாகக் காட்டியது எழுத்துரு. எழுத்துரு மறைந்தால் தமிழும் மறையும். இக்குழப்பத்தைத் தீர்க்கவே இணையத்திற் கூடிய தமிழன்பர்கள் டிஸ்கி என்னும் முறையை வகுத்தனர். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் இரண்டு முறைகள் எழுந்தன. 1991இல் முதற்பதிப்பு வெளிவந்த யூனிகோடோ, பன்மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வகுத்துத் தமிழுக்கென 128 இடங்களை ஒதுக்கியது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார், தாம் டிஸ்கியில் ஏற்றிய பழைய நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றியது இதுபற்றியே. அவர்கள் காலத்தே மாற்றினர். யாம் மாற்றாது இருந்துவிட்டோம்.

மீட்ட வகையைச் சொல்வோம். கோப்பின் உட்பகுதியில் எழுத்துருவின் பெயர் புதைந்திருந்தது. அவ்வெழுத்துருவை நண்பர் ஒருவரின் பழங்கணினியிற் கண்டெடுத்து, எவ்வெண்ணுக்கு எவ்வடிவம் என்று ஓர் அட்டவணை வரைந்தோம். அட்டவணைப்படி மாற்றுதல் ஒரு நாழிகையில் முடியும் என்று எண்ணியது எம் பேதைமை. அப்பழைய எழுத்துருவிற் கொம்பு, கண்ணுக்குத் தோன்றும் முறையில், மெய்க்கு முன்னே நின்றது. யூனிகோடில் அது, ஒலிக்கும் முறையில், மெய்க்குப் பின்னே நிற்பது. ஆகவே கொம்பு காணுமிடமெல்லாம் அடுத்த எழுத்தோடு இடமாற்ற வேண்டியதாயிற்று. அடுத்து வந்தது ஔகாரத்தின் தொல்லை. 'பௌ' என்பது அங்குக் கொம்பு, பகரம், ளகர வடிவம் என மூன்று துண்டாகவே கிடந்தது. ஆதலின் 'பௌர்ணமி'யும் 'பௌவ'மும் 'பெளர்ணமி', 'பெளவம்' என்று வந்து நின்றன. பார்த்தவுடன், கொம்பையடுத்து ளகரம் வருமிடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றுக என்று ஒரே ஆணை பிறப்பித்தோம். உடனே 'வெள்ளம்' கெட்டது. 'கெளுத்தி' மீனும் செத்தது. பின்னர், ளகரத்தின்மேற் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருப்பின் மாற்றற்க என்று விதியைத் திருத்தி, எஞ்சியவற்றைப் பட்டியலாக எடுத்துக் கண்ணாற் பார்த்துத் தீர்த்தோம்.

இவ்வேலையில் எம்மைக் காத்தவை இரண்டு. ஒன்று, மூலக் கோப்பைத் தொடாமல் அதன் பிரதியில் வேலை செய்தது. மற்றொன்று, மாற்றங்களைக் கையாற் செய்யாமல் ஒரு சிறு நிரலாக எழுதியது. நிரல் தவறினால், நிரலைத் திருத்தி மூலத்தினின்று மறுபடியும் ஓட்டலாம். கையால் திருத்தியிருந்தோமாயின், எங்கே தவறினோம் என்பதே தெரிந்திராது. ஐயத்துக்கிடமான சொற்களைத் தேடிப் பட்டியலிட்டுத் தந்தது கிரெப் என்னுங் கருவி. அது 1970களின் தொடக்கத்திற் கென் தாம்சன் என்பார் யூனிக்ஸ் அமைப்புக்கென எழுதியது. அரை நூற்றாண்டு கழிந்தும் அன்றாடம் உதவுகின்றது. அஃது எதிர்பார்ப்பதெல்லாம் வரிவரியான வெற்றெழுத்துக் கோப்பு ஒன்றே. சொற்செயலியின் தனிக்கோப்பு அச்சொற்செயலியோடே மூப்படையும். வெற்றெழுத்துக் கோப்பை எக்கருவியும் திறக்கும்.

ஆதலின் நெடுநாள் வேண்டுவனவற்றை வெற்றெழுத்தாகவும், யூ.டி.எஃப்.-8 என்னும் முறையிலும் எழுதி வைத்தல் நலம். இம்முறை 1992இல் மேற்சொன்ன தாம்சனும் ராப் பைக் என்பாரும் நியூஜெர்ஸியில் ஓர் உணவுவிடுதியில் மேசைத்தாளின்மேல் வரைந்து வகுத்ததாகும். இதிலே தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு இடங்கொள்ளும். 'தமிழ்' என்னுஞ் சொல் நம் கணக்கில் 3 எழுத்து. யூனிகோடின் கணக்கில் 5 குறி. கோப்பில் 15 பைட்டு. இவ்வேறுபாட்டை அறியாத நிரலர், தலைப்பை முதல் 4 எழுத்தோடு வெட்டுக என்று எழுதினால், புள்ளியிழந்து 'தமிழ' என நிற்கும். கண்ணுக்குப் புலனாகும் எழுத்தை அலகாகக் கொண்டு வெட்டும் நூலகங்கள் பல நிரல்மொழிகளில் உண்டு, அவற்றையே வழங்குக.

இதனினும் மறைவான தொல்லையொன்று உண்டு. எம் பட்டியலிற் 'கொண்டல்' கண்முன்னே இருந்தது. தேடினாலோ இல்லையென்று விடை வந்தது. 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. யூனிகோடு நிறுவனத்தார் இவற்றை ஒருமைப்படுத்தும் முறைகளை வகுத்திருக்கின்றனர். அவற்றுள் என்.எஃப்.சி. என்பதைக் கோப்பு உள்ளே வரும் வாயிலிலேயே ஒருமுறை செய்துவிட்டால் பின்னர்க் கவலையில்லை. ஆனால் 'ஸ்ரீ' இவ்வொருமைக்குள் அடங்காது. அதனை ஸகரத்தை முதலாக வைத்து எழுதுவோரும் ஶகரத்தை முதலாக வைத்து எழுதுவோரும் உளர். அவ்விரண்டையும் நிரலரே தனியாகக் கவனிக்க வேண்டும்.

நிற்க. எழுதும் கருவியைப்பற்றி நிரலரிடையே நடக்கும் வழக்குகள் ஒருநாளும் தீர்வனவல்ல. விஐ, ஈமாக்ஸ் என்னும் இரண்டும் 1976இல் தோன்றியவை. இன்றும் அவற்றின் கட்சிக்காரர் சண்டையிட்டுக்கொண்டிருக்கின்றனர். எமக்கு இதில் கருத்து இல்லை. ஒன்றை எடுத்து, அதில் தேடலும் மாற்றலும் விரலுக்குப் பழகும் அளவுக்குக் கற்றாற் போதும்.

எழுதியதன் வரலாற்றைக் காத்தல் அடுத்த விஷயம். 'கட்டுரை', 'கட்டுரை புதியது', 'கட்டுரை இறுதி', 'கட்டுரை மெய்யாகவே இறுதி' என்று கோப்புகளைப் பெருக்கிக்கொள்ளும் வழக்கம் நம் மாணாக்கரிடையே மிகுதி. கிட் என்னும் கருவி இதனை ஒழிக்கும். லினக்ஸ் கருவூலத்தை எழுதுவோர் முன்னர் வழங்கிய கருவியின் இலவச அனுமதி நின்றுபோகவே, லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல் மாதத்தில் இதனை எழுதத் தொடங்கினார். ஆயிரவர் கூடி எழுதும் நிரலுக்கென ஆக்கப்பட்டதாயினும், தனியொருவர் கட்டுரைக்கும் நன்கு உதவும். மாற்றத்தைக் குறித்தல், வரலாற்றைப் பார்த்தல், முந்தைய நிலையை மீட்டல் என்னும் மூன்றுக்குரிய ஆணைகளை அறிந்தாற் போதும். குறிக்கும்போது எழுதுங் குறிப்பில், என்ன மாற்றினோம் என்பதைக் கருவியே காட்டுமாதலால், ஏன் மாற்றினோம் என்பதை எழுதுக. 'திருத்தம்' என்று எழுதுவது வீண். 'கெளுத்தி கெட்டமையால் ஔகார விதியைக் குறுக்கினோம்' என்று யாம் எழுதிய குறிப்பு, ஓராண்டு கழித்து எமக்கே உதவிற்று.

இக்கருவி வேறுபாடுகளை வரிவரியாகவே காட்டும். ஒரு பத்தி முழுவதையும் ஒரே வரியாக எழுதினால், ஒரு காற்புள்ளி மாறினும் பத்தி முழுதும் மாறியதாகக் காட்டும். அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் புதுவரியில் தொடங்குதல் நன்று. யூனிக்ஸ் கற்கத் தொடங்குவோர்க்கு 1974இல் எழுதிய வழிகாட்டியிற் பிரையன் கெர்னிகன் இதனையே சொல்லியிருக்கின்றார். மற்றொன்று: கடவுச்சொல்லை ஒருபோதும் இவ்வரலாற்றுக்குள் விடலாகாது. அடுத்த நாள் அழித்தாலும் முந்தைய நாளின் ஏட்டில் அது கிடக்கும். கோப்புகளைப் பொதுவில் வைத்தால் எவரும் புரட்டிப் பார்க்கலாம். தவறிப் புகுந்துவிட்டதாயின், அழிக்க முயல்வதற்கு முன் அக்கடவுச்சொல்லையே மாற்றிவிடுக.

இனித் தளத்தைப்பற்றிச் சொல்வோம். இணையவலையை வகுத்த டிம் பெர்னர்ஸ்-லீ அக்காலை ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்தவர். அக்கூடத்தார் 1993 ஏப்ரல் 30இல் வலையின் நிரலை எவரும் கட்டணமின்றி வழங்கலாம் என்று உலகுக்கு விட்டுக்கொடுத்தனர். அக்காலத்து எழுதிய எளிய பக்கங்கள் இன்றைய உலாவியிலும் தடையின்றித் திறக்கின்றன. அவற்றுக்குப் பல்லாண்டு பிற்பட்டு, மிடுக்கான கருவிகளால் ஆக்கப்பட்ட தளங்கள் பல இன்று திறப்பதில்லை. முன்னவை வெறும் கோப்புகள். பின்னவை ஒவ்வொரு முறை வாசகர் வரும்போதும் தரவுத்தளத்தைக் கேட்டு, நிரலை ஓட்டிப் பக்கத்தைச் சமைத்துத் தந்தவை. அவ்வடுக்குகளுள் ஒன்று பழையதானாலும் அடுப்பு அணைந்துவிடும். பழைய அடுக்கு திருடர்க்குத் திறந்த கதவுமாகும்.

தனியொருவர் தளத்திற்கு வெறும் கோப்புகளே ஏற்றவை என்பது எம் துணிபு. பத்துப் பக்கம் வரை கையாலேயே எழுதலாம். மேற்பட்டால், 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுன் என்னும் எளிய குறிமுறையில் எழுதி, பக்கங்களை முன்கூட்டியே ஆக்கித்தரும் கருவியொன்றைக் கொள்ளலாம். 2008இல் வெளிவந்த ஜெக்கில் அவ்வகையிற் பெயர்பெற்றது. அக்கருவி நாளை மறைந்தாலும் மார்க்டவுன் கோப்பை மனிதர் கண்ணாலேயே படிக்கலாம் என்பதே அதன் சிறப்பு. ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குத் தளத்தை மாற்றி, மாற்றிய வரலாற்றை ஒரு கட்டுரையாக எழுதி, அதன்பின் மூன்றாண்டு ஒன்றும் எழுதாது, மறுபடியும் கருவி மாற்றும் அன்பர்களை யாம் அறிவோம். அக்குற்றம் எம்மிடத்தும் உண்டு.

இடத்தை யாரிடமிருந்து பெறுவது? இலவச இடம் இனிது. ஆனால் பிறர் பெயரின்கீழ் உள்ள முகவரி நம்முடையதன்று. 1994இல் தோன்றி இலட்சக்கணக்கானோர்க்கு இடந்தந்த ஜியோசிட்டீஸ், 1999இல் யாஹூ நிறுவனத்தாரின் கைக்கு மாறி, 2009 அக்டோபரில் மூடப்பட்டது. தொண்டர் சிலர் இராப்பகலாய் முயன்று பிரதியெடுத்தமையால் அதன் பெரும்பகுதி பிழைத்தது. எம் ஆசிரியரின் பட்டியல் கிடந்த சிறு தளத்தைக் காக்க அவ்வாறு எவரும் வரவில்லை. ஆகவே ஆண்டுக் கட்டணம் செலுத்திச் சொந்த டொமைன் பெயரைப் பதிவு செய்துகொள்க. பெயர் நம்முடையதாயின், கோப்புகளை எங்கு மாற்றினும் வாசகர்க்கு முகவரி மாறாது.

இங்கே மாணாக்கர்க்கு ஓர் எச்சரிக்கை. பதிவுக் கணக்கிற்குக் கலாசாலை தந்த மின்னஞ்சலைக் கொடுக்கலாகாது. படிப்பு முடிந்தபின் அது மூடப்படலாம். அந்த டொமைனிலேயே அமைந்த மின்னஞ்சலையும் கொடுக்கலாகாது. பெயர் காலாவதியானால் அஞ்சலும் நின்றுவிடும், 'கட்டணம் செலுத்துக' என்னும் ஓலை போய்ச்சேர இடமிராது. எமக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே.

முகவரியை அமைப்பதிலும் முன்யோசனை வேண்டும். 1998இல் பெர்னர்ஸ்-லீ எழுதிய கட்டுரையொன்றின் சாரம், நல்ல முகவரி மாறுவதில்லை என்பது. அதன்கண் கருவியின் பெயரையும் கோப்பின் வகையையும் நுழைக்கலாகாது. கருவி மாறினால் முகவரியும் மாற நேரும். மாற்றியே தீரவேண்டுமாயின், நிலையாய் இடம்பெயர்ந்தது என்னும் பொருளுடைய 301 என்ற விடையோடு பழைய முகவரியினின்றும் புதியதற்கு வழிகாட்டி வைக்க வேண்டும். தமிழிலேயே முகவரி வைக்கலாமா எனின், வைக்கலாம். எமக்கும் அவ்வாசை உண்டு. ஆனால் பிரதி செய்து ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் பல இடங்களில் மூன்று குறியாக விரியும். 'தமிழ்' என்னும் ஒரு சொல்லே 45 குறியாகி மிரட்டும். அச்சிலும் கடிதத்திலும் எழுத வேண்டிய முகவரியை யாம் குறுகிய இலத்தீன் எழுத்திலேயே வைக்கின்றோம்.

பக்கத்தினுள் கவனிக்க வேண்டியவை சில. யூ.டி.எஃப்.-8 என்னும் அறிவிப்புக் கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இருத்தல் வேண்டும்; பக்கத்தின் மொழி தமிழ் என்றும் அறிவித்தல் வேண்டும். கண்பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் கருவி, இவ்வறிவிப்பைக்கொண்டே தமிழ்க்குரலைத் தேர்ந்துகொள்ளும். படங்களுக்கு ஒரு வரி விளக்கம் எழுதுவதும் அவர்கள் பொருட்டே. தொலைபேசி எடுத்த படத்தைச் சுருக்காமல் ஏற்றுவது, வாசகரின் பணத்தைச் செலவிடுவதாகும். வரிகளின் இடைவெளியை ஆங்கிலத்துக்குப் போதுமான அளவில் விட்டால் தமிழின் மேற்சுழியும் கீழ்ச்சுழியும் மோதிக்கொள்ளும். எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் குறையாது விடுக. பூட்டுக்குறி காட்டும் பாதுகாப்புச் சான்று, 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பினரால் இலவசமாய்க் கிடைக்கின்றது. அது சில மாதங்களிற் காலாவதியாவதாதலின், புதுப்பிக்கும் வேலையைக் கணினியிடமே ஒப்படைத்துவிடுக.

கடைசியாகக் காப்புப் பிரதி. மூன்று பிரதி வேண்டும். அவை ஒரே வகைச் சாதனத்தில் இருத்தலாகாது. ஒன்றேனும் வேறூரில் இருத்தல் வேண்டும். கிட் வைத்திருக்கின்றோமே என்று சிலர் சொல்வர். அதுவும் அதே தகட்டில் இருந்தால் தகட்டோடு போகும். இரு கணினிகளை ஒத்திசைக்கும் சேவையும் காப்பன்று. ஒன்றில் தவறி அழித்தால் மற்றதிலும் உடனே அழித்துவிடும். யாம் ஒருகாலத்து வாரந்தோறும் தானே பிரதியெடுக்கும் நிரலொன்றை எழுதிவைத்து நிம்மதியாய் உறங்கினோம். எட்டு மாதம் கழித்து ஒரு கோப்பை மீட்க வேண்டித் திறந்து பார்த்தபொழுது, பாதையில் ஓரெழுத்து தவறியிருந்தமையால் வெற்று அறையொன்றையே அந்நிரல் முப்பதுக்கு மேற்பட்ட முறை சிரத்தையாய்ப் பிரதியெடுத்திருந்தது. அன்றுதொட்டு மூன்று மாதத்துக்கொரு முறை, ஏதேனும் ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பார்க்கின்றோம். 1996இல் ப்ரூஸ்டர் கேல் தொடங்கிய இணைய ஆவணகத்திலும், முக்கியமான பக்கங்களைச் சேர்க்குமாறு நாமே கேட்டுக்கொள்ளலாம். இஃது உபரிப் பிரதியாக உதவும்.

ஆசிரியரின் சொற்பட்டியல் இப்பொழுது தனக்கென ஒரு பெயரில், ஒரே வெற்றெழுத்துக் கோப்பினின்று ஆக்கப்பட்ட பக்கங்களாக நிற்கின்றது. பழைய குறுந்தகட்டின் கோப்பையும் எம் மாற்று நிரலையும் அதனருகே வைத்துள்ளோம். அண்மையில் கடற்கரையூரொன்றிலிருந்து ஒருவர் எழுதினார்: 'கச்சான்' என்பதற்கு மேல்காற்று என்று பொருள் கண்டிருக்கிறீர்கள், எங்கள் ஊரில் தென்மேற்கினின்று வீசுவதையே அவ்வாறு சொல்வோம் என்று. மகளாரைக் கேட்டோம். "அப்பா எழுதினதை மாற்ற வேண்டாம், அண்ணா; அவர்கள் சொன்னதைக் கீழே போடுங்கள்" என்றார். அவ்வாறே ஆசிரியரின் வரியை அப்படியே நிறுத்தி, அதன்கீழ் ஊரின் வழக்கை ஒரு வரி சேர்த்து, சேர்த்த காரணத்தையும் நாளையும் குறித்துவைத்தோம்.